நாகேஸ்வரியின் முறியாத கால்கள்

நவம்பர் கடைசியில் அந்தக் கட்டடத்து வீடுகளைச் சூடாக்கும் சோபாஜ் நின்றுபோனது. சுவரோரத்து ரேடியேட்டர்கள் தொட்டால் கை விறைக்கிற அளவுக்குக் குளிர்ந்து கிடந்தன. திருத்துகிறவர் திங்கட்கிழமை வருவார் என்று கீழ்வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்தத் திங்கட்கிழமை என்று அதில் இல்லை.

நாலாம் மாடியில் குடியிருந்த மகாலிங்கம் இரண்டு போர்வைகளை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனார். லா ஷப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் கல்லாவில் இருப்பவர் அவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அசையக் கூடாது என்பதுதான் பாரிஸுக்கு வந்த நாளிலிருந்து அவருடைய ஒரே கொள்கை. அவருடைய மனைவி நாகேஸ்வரி சென் தெனியில் ஒரு பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை செய்பவர். அவரும் மூன்றாவது போர்வையைத் தேடிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

இரண்டாம் மாடி ஜெனவியேவ் நின்றிருந்தார். புதுச்சேரிக்காரர். மேரி எனப்படும் நகரசபையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலையில் கம்பளித் தொப்பி, கையில் நான்கு நீளத் தடிகள்.

“நாகேஸ்வரி, வா போலாம். உள்ள இருந்தா வெறச்சிப் போயிடுவோம். வெளியில வேகமா நடந்தா ஒடம்பு தானா சூடாயிடும்.”

“இந்தக் குளிருக்குள்ளையோ அக்கா?”

“ஒங்க வீட்டுக்குள்ள எத்தனை டிகிரி?”

நாகேஸ்வரி சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தார். “பதினொண்டு.”

“வெளியில ஒம்போது. ரெண்டு டிகிரிக்காக அழாத. இந்தா, தடியப் புடி.”

பனியில் சறுக்குகிறவர்கள் வைத்திருப்பதைப் போன்ற தடிகள் அவை. இரண்டு கையிலும் ஒவ்வொன்றைப் பிடித்து, ஊன்றி ஊன்றி வேகமாக நடக்க வேண்டும். இதற்கு மார்ஷ் நோர்திக் என்று பெயர். ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையப் பக்கம் போய், லா வில்லெத் நீர்த்தேக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்கள். போகும்போது நாகேஸ்வரி ஜெனவியேவைத் திட்டிக்கொண்டு போனார். வரும்போது கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார். நாலு மாடியும் ஏறி வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் தலையிலிருந்து ஆவி பறந்தது.

“என்னப்பா, தோசைக்கல்லு மாதிரி இருக்கிறன். தொட்டுப் பாருங்கோ” என்றார்.

மகாலிங்கம் போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். உண்மைதான். அந்தக் கையை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார்.

சோபாஜ் திருத்துகிறவர் மூன்றாவது திங்கட்கிழமை வந்தார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. ரேடியேட்டர் கொதித்தாலும் நாகேஸ்வரிக்கு இப்போது வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஜெனவியேவிடம் ஒரு சித்தாந்தமும் இருந்தது.

“இந்த ஒடம்பு இருக்கே, ரொம்பத் தந்திரம் புடிச்சது. ஒரே வேலையைக் குடுத்தா பழகிக்கிட்டு ஏமாத்த ஆரம்பிச்சிடும். அலோர், மாத்தி மாத்திக் குடுக்கணும். இன்னிக்குத் தடி, நாளைக்கு ஓட்டம், அப்புறம் வெலோ மிதிக்கிறது, அப்புறம் படகு. அடுத்து என்ன வரப்போவுதுன்னு அதுக்குத் தெரியவே கூடாது.”

அடுத்து என்ன வரப்போகிறது என்று மகாலிங்கத்துக்கும் தெரியவில்லை. ஒருநாள் வீட்டு நடையில் பழைய சைக்கிள் ஒன்று நின்றது. இன்னொரு நாள் குளியலறையில் காலோடு ஒட்டிய கறுப்புக் காற்சட்டை ஒன்று தொங்கியது. அதை முதலில் தன்னுடைய குடை என்றுதான் அவர் நினைத்தார். நீர்த்தேக்கத்தில் இருந்த படகுக் கழகத்தில் நாகேஸ்வரி துடுப்புப் போடப் பழகினார். இதையெல்லாம் மகாலிங்கம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது சாப்பாடு.

“இது என்ன, கோப்பை கழுவின தண்ணியோ?”

“லீக்ஸ் தண்டுச் சூப். நார்ச்சத்து.”

“சோறு?”

“ராவிலை சோறு பாரம். நாளைக்கு விடிய ஓட வேணும்.”

“ஓடுறது நீர்தானே? நான் ஏன் லீக்ஸ் குடிக்க வேணும்?”

“இரண்டு சமையல் சமைக்க எனக்கு நேரமில்லை. படகுக்குப் போக வேணும்” என்று சொல்லிவிட்டு நாகேஸ்வரி போய்விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஷிரோமி கடைக்குள் ஓடிவந்தாள். மகாலிங்கத்தின் கடைக்கு எதிரே புருவம் திருத்தும் நிலையம் வைத்திருப்பவள் ஷிரோமி. அவளிடம் புருவத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருக்கும் பெண்களுக்கு லா ஷப்பலின் செய்திகள் எல்லாம் கிடைத்துவிடும். அன்று அவள் இரண்டாம் இலக்க மெத்ரோவில் வந்திருந்தாள். அந்த ரயில் ஸ்டாலின்கிராட் பக்கம் தரைக்கு மேலே பாலத்தில் ஓடும். சன்னலால் கீழே பார்த்தால் தண்ணீரும் கரையும் தெரியும்.

“மகாலிங்கம் அண்ணை! அக்காவுக்கு என்ன நடந்தது? இப்பதான் மெத்ரோவிலை இருந்து பாத்தனான். ரெண்டு கையிலையும் தடி! கரையிலை நிண்டு, குனிஞ்சு, மூச்சு வாங்குறா! ஐயோ அண்ணை, எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சு!”

கல்லாவின் முன்னால் நான்கு பேர் முருங்கைக்காயும் வாழைக்காயுமாக வரிசையில் நின்றார்கள். நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு வயதான தன் மனைவி சும்மா, ஒரு காரணமும் இல்லாமல், இறுக்கமான காற்சட்டையோடு குளிருக்குள் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு திரிகிறார் என்று இத்தனை பேருக்கு முன்னால் சொல்ல மகாலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது.

“கால்... கொஞ்சம்...” என்று தொடங்கி நிறுத்தினார்.

வசனத்தை ஷிரோமி முடித்தாள். “முறிஞ்சு போச்சோ!”

மகாலிங்கம் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரித் தலையை ஆட்டினார்.

அன்று பின்னேரமே ஷிரோமி நாலு மாடியும் மூச்சிரைக்க ஏறி வந்தாள். கையில் அடுக்குச் சட்டி. நாகேஸ்வரி அப்போது படகில் இருந்தார்.

“அக்கா எங்கை?”

“உள்ளை... நித்திரை” என்றார் மகாலிங்கம், மூடியிருந்த படுக்கையறைக் கதவைக் காட்டி.

“எழுப்பாதேங்கோ. பாவம். இதிலை புட்டும் ஆட்டிறைச்சிக் குழம்பும் கிடக்கு. எலும்போடை போட்டிருக்கிறன். எலும்புக்கு எலும்புதான் மருந்து.”

அவள் போனதும் மகாலிங்கம் சட்டியைத் திறந்தார். ஏலக்காயும் கறித்தூளும் கலந்த வாசம் முகத்தில் அடித்தது. ஒரு வாய் மட்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தார். எழும்பும்போது சட்டியில் எலும்புகூட முழுசாக இல்லை.

மறுநாள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்வதென்றுதான் அவரும் கடைக்குப் போனார். ஆனால் கரிகாலன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். ருங்கிஸ் சந்தையிலிருந்து கடைகளுக்கு மரக்கறி கொண்டுவரும் வான் ஓட்டுகிறவன் அவன். யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் கண் கலங்குகிற பிறவி.

“அண்ணை, கேள்விப்பட்டன். என்ரை மனுசி அக்காவுக்கு எண்டு ஒடியல் கூழ் காய்ச்சித் தந்தவ. ஊர்ப் பனங்கிழங்கு மாவிலை நண்டு, றால், பயித்தங்காய் எல்லாம் போட்டது. சுடச்சுடக் குடுங்கோ.” பெரிய தேர்மோஸ் ஒன்றை நீட்டினான்.

மகாலிங்கம் தேர்மோஸைப் பார்த்தார். அதற்குள் நண்டு இருந்தது. உண்மை வாய் வரைக்கும் வந்து, திரும்பி உள்ளே போனது.

அதன் பிறகு தினமும் யாராவது வந்தார்கள். கணவாய்க் கறி வந்தது, இடியப்பமும் சொதியும் வந்தது, ஊரிலிருந்து எடுப்பித்த முறிவெண்ணெய் ஒரு போத்தல் வந்தது. எண்ணெயை மட்டும் அவர் சாப்பிடவில்லை. நாகேஸ்வரி எப்போது நடக்கப் போவார், எப்போது ஓடப் போவார் என்பதை மகாலிங்கம் இப்போது அக்கறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வருகிறவர்களை அந்த நேரத்துக்கு வரச் சொன்னார். “போனிலை மட்டும் எடுக்காதேங்கோ, கதைச்சால் அழுவா” என்றார். கோயிலில் ஆட்கள் நாகேஸ்வரியைக் காணவும் வழி இல்லை. ஊரில் பெரியப்பா முறையான ஒருவர் தவறிப்போனதால் ஒரு மாதம் முழுக்க அவர்களுக்குக் கோயிலுக்குப் போகக் கூடாத துடக்கு.

சாப்பிட்டு முடிந்ததும் சட்டிகளைக் கழுவி ஒளித்துவிட்டு, வாசம் போக எல்லாச் சன்னல்களையும் அகலத் திறந்துவிடுவார். டிசம்பர்க் காற்று வீட்டைச் சுற்றிவரும். வியர்வையோடு உள்ளே வரும் நாகேஸ்வரிக்கு அதைக் கண்டு ஒரே சந்தோசம்.

“பாத்தியளே, உங்களுக்கும் இப்ப நல்ல காத்துப் பிடிச்சுப் போச்சு! லீக்ஸ் சூப்பும் கேள்வி கேக்காமல் குடிக்கிறியள். மெலிஞ்சும் வாறியள் போலை.”

“ஓம், ஓம்” என்றார் மகாலிங்கம், காற்சட்டைப் பொத்தானைக் கையால் மறைத்துக்கொண்டு.

ஒருநாள் மட்டும் கணக்குப் பிழைத்தது. ஷிரோமியும் கரிகாலனும் வீட்டு முன்னறையான சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். நாகேஸ்வரி சைக்கிள் ஓடப் போயிருந்தார். பாதி வழியில் சில்லுக்குக் காற்றுப் போனதால் முன்னதாகவே திரும்பிவிட்டார். அதுவும் பயிற்சிக்காக மாடிப்படியை இரண்டு தடவை ஏறி இறங்கி. கதவில் திறப்புப் போடும் சத்தம் கேட்டதும் மகாலிங்கம் பாய்ந்து நடைக்கு வந்து, சாலைக் கதவைச் சாத்தினார்.

“என்னப்பா?” என்றார் நாகேஸ்வரி. அதற்கு மேல் பேச மூச்சு வரவில்லை. “ஹா... ஹா... ஹம்ம்ம்...”

“கதையாதையும். வேர்வை. சளி பிடிக்கும். கெதியாப் போய்க் குளியும்” என்று குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

சாலையில் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். கரிகாலன் அழுதுகொண்டிருந்தான்.

“அனுங்குறா அண்ணை! என்ன நோவு எண்டால் இப்பிடி அனுங்குவா!”

“அண்டைக்கு நான் வான் ஓடிக்கொண்டு போகேக்குள்ளை கண்டனான்” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தான். “பந்தன் கால்வாய்ப் பக்கம் வாங்கிலிலை இருந்தவ. தலை முழுக்க வெள்ளைக் கட்டு. நான் உங்களிட்டைக் கேக்கவும் பயந்துபோய் இருந்தனான்.”

அது சைக்கிள் தலைக்கவசத்தின் கீழே காது குளிராமல் நாகேஸ்வரி சுற்றியிருந்த சால்வை. மகாலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அதைக் கண்டு ஷிரோமி இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கும்பிட்டாள்.

“பிள்ளையாரே! அக்கா எழும்பி நடந்தால் உன்ரை வாசலிலை நூத்தெட்டுத் தேங்காய் அடிக்கிறன்!”

அவர்களை அனுப்பிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்த மகாலிங்கத்துக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. பிள்ளையாரையும் உள்ளே இழுத்தாகிவிட்டது. ஆனால் மேசையில் அன்றைக்கு வந்த மீன் பொரியல் இருந்தது. பயம் சாப்பிட்டு முடியும் வரைதான் பொறுத்திருந்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று படகுக் கழகம் லா வில்லெத்தில் ஒரு குளிர்காலப் போட்டி வைத்திருந்தது. ஒருவர் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓட வேண்டும், அடுத்தவர் கால்வாய்க் கரையால் சைக்கிள் ஓட வேண்டும், கடைசியில் இருவரும் சேர்ந்து படகு வலிக்க வேண்டும். நாகேஸ்வரி ஓட்டம், ஜெனவியேவ் சைக்கிள். படகில் எதிரே உட்கார்ந்து சுக்கான் பிடிக்க ஜெனவியேவின் மருமகள் ஸ்டெஃபானி வருவதாக இருந்தது. இதையெல்லாம் நாகேஸ்வரி புருசனிடம் ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து என்ன கறி வரும் என்று யோசித்துக்கொண்டிருந்த மகாலிங்கத்தின் காதில் ஒன்றும் விழவில்லை.

பத்து மணிக்கு ஷிரோமியும் கரிகாலனும் வந்தார்கள். கரிகாலன் கையில் அதே தேர்மோஸ்.

“இண்டைக்கு அக்காவைப் பாக்காமல் போகமாட்டம்” என்றாள் ஷிரோமி.

“அவ இல்லை. கினேயிட்டைப் போட்டா. காலுக்குப் பயிற்சி குடுக்க.”

“ஞாயிற்றுக்கிழமை எந்தக் கினே அண்ணை திறந்திருக்கு?”

“இது... அவசரக் கினே.”

“தனியவோ போனவ! முறிஞ்ச காலோடை! எங்கை?”

“ஸ்டாலின்கிராட் பக்கம்” என்றார் மகாலிங்கம். வாயில் வந்த இடத்தைச் சொன்னார். அதுவே உண்மையான இடமாக இருந்தது அவருடைய கெட்ட காலம்.

“வாங்கோ அண்ணை, வான் கீழை நிக்குது. போய் ஏத்திக்கொண்டு வருவம்” என்று கரிகாலன் அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

ஸ்டாலின்கிராட்டில் தெருவை மறித்திருந்தார்கள். வானை ஒரு மூலையில் விட்டுவிட்டுக் கரையோரமாக நடந்தார்கள். மெல்லிய பனிப்புகார். மஞ்சள் அங்கி போட்ட தொண்டர்கள் கை தட்டிக்கொண்டு நின்றார்கள். “இது என்ன சனம்?” என்று கரிகாலன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே புகாருக்குள்ளிருந்து ஓர் உருவம் ஓடிவந்தது. கறுப்புக் காற்சட்டை, நெஞ்சில் இலக்கம், சிவந்த கன்னம், குதிரைவால் போல ஆடும் கொண்டை.

ஷிரோமி வீரிட்டுக் கத்தினாள். நீர்த்தேக்கத்திலிருந்த வாத்துகள் எல்லாம் ஒன்றாக எழும்பின.

“நாகேஸ் அக்கா! உங்கடை கால்!”

நாகேஸ்வரி நிற்கவில்லை. நேரம் கணக்கு. “என்ரை காலுக்கு என்ன?” என்று கேட்டுக்கொண்டே தாண்டிப் போனார்.

ஷிரோமியும் பின்னால் ஓடினாள். நீளக் கோட்டு, குதி உயர்ந்த சப்பாத்து, தோளில் பை. நாலு எட்டில் நாகேஸ்வரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். உணர்ச்சி வேகம்.

“முறிஞ்ச கால் அக்கா!”

“எப்ப முறிஞ்சது?”

“ஒரு மாசத்துக்கு முன்னம்! ரெண்டு தடியோடை நடந்தனீங்கள்!”

“அது மார்ஷ் நோர்திக்!”

“தலையிலை கட்டு!”

“அது சால்வை! ஆரடி உனக்கு இதெல்லாம் சொன்னது?”

“மகாலிங்கம் அண்ணை!”

மகாலிங்கமும் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தார். ஷிரோமி வாயைத் திறப்பதற்கு முன் பிடித்துவிடலாம் என்பது அவருடைய திட்டம். ஊரில் பள்ளிக்கூடத்தில் ஓடியது. அதற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவருக்குப் பின்னால் கரிகாலன் தேர்மோஸைக் கட்டிப்பிடித்தபடி, “அம்மாளாச்சி! அக்கா ஓடுறா!” என்று அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஓடினான். மஞ்சள் அங்கிக்காரர்கள் நாலு பேரையும் ஒரே அணி என்று நினைத்து, “அலே! அலே மதாம்! அலே மொசியே!” என்று கூவினார்கள். ஒரு பெண் மகாலிங்கத்தின் கையில் தோடம்பழத் துண்டு ஒன்றைத் திணித்தாள். ஓடிக்கொண்டே அவர் அதைச் சாப்பிட்டார்.

முன்னால் கதை தொடர்ந்துகொண்டிருந்தது.

“எத்தினை நாள் வந்து பாத்தம் அக்கா! நீங்கள் நித்திரை எண்டு சொல்லுவார். எவ்வளவு சாப்பாடு கொண்டு வந்தம்!”

“என்ன சாப்பாடு?”

“புட்டு, ஆட்டிறைச்சி, கணவாய், மீன் பொரியல்...”

நாகேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். வேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

“கரிகாலன்ரை மனுசி ஒடியல் கூழ் காய்ச்சி அனுப்பினவ. நண்டு போட்டு. ரெண்டு தரம்.”

நாகேஸ்வரி நின்றார்.

கால் முறிந்ததாகச் சொன்னபோது நிற்காதவர், தலையில் கட்டு என்றபோது நிற்காதவர், கூழ் என்றதும் நடுவழியில் ஆணி அடித்த மாதிரி நின்றார். திரும்பினார். பின்னால் ஓடிவந்த மகாலிங்கம் பிரேக் பிடிக்க முடியாமல் அவருக்கு முன்னாலே வந்து நின்றார். வாயில் தோடம்பழத் தோல்.

“ஒடியல் கூழ் குடிச்சனீங்களோ?”

மகாலிங்கத்துக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. “ஹா... ஹா...” என்றார்.

“நண்டு போட்டதோ?”

“ஹம்ம்ம்...”

“நான் லீக்ஸ் குடிச்சுக்கொண்டிருக்க, நீங்கள் கதவைப் பூட்டிப்போட்டு எனக்கெண்டு வந்த கூழை, ரெண்டு தரம், தனியக் குடிச்சனீங்கள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கேல்லை.” நாகேஸ்வரி ஒரு எட்டுக் கிட்ட வந்தார். “கால் முறிஞ்சது எண்டு சொன்னதைக்கூட மன்னிப்பன்.”

கரிகாலன் வந்து சேர்ந்து தேர்மோஸை நீட்டினான். “அக்கா, இதிலையும் இருக்கு. சூடா.”

நாகேஸ்வரி தேர்மோஸை வாங்கி, மூடியைத் திறந்து, நின்ற நிலையில் ஒரு மூடிக் கூழை மடமடவென்று குடித்தார். உதட்டைப் புறங்கையால் துடைத்தார். அவருக்கு முன்னால் போட்டியாளர்கள் பத்துப் பேராவது தாண்டிப் போனார்கள். பிறகு மகாலிங்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்பு மாதிரிப் பாய்ந்து ஓடினார். கூழில் என்ன இருந்ததோ, பத்துப் பேரில் ஏழு பேரைத் திரும்பவும் பிடித்துவிட்டார். ஷிரோமி கூடவே ஓடினாள். கேட்க வேண்டியது இன்னும் இருந்தது அவளுக்கு.

ஜெனவியேவ் சைக்கிளில் புறப்பட்டுப் போய், மூக்கு நுனி சிவக்கத் திரும்பி வந்தபோது புதுச் சிக்கல் காத்திருந்தது. ஸ்டெஃபானிக்குக் கடும் காய்ச்சல், வரமாட்டாள் என்று செய்தி. சுக்கான் பிடிக்க ஆள் இல்லாமல் படகை விடமாட்டார்கள்.

“மொன் தியே! யாரு ஒக்காருவா?” என்றார் ஜெனவியேவ்.

நாகேஸ்வரி திரும்பிப் பார்த்தார். மகாலிங்கம் கரையில் ஒரு இரும்புத் தூணைக் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“இஞ்சை வாங்கோ. ஏறுங்கோ.”

“எனக்கு நீந்தத் தெரியாது நாகேஸ்!”

“உங்களை ஆர் நீந்தச் சொன்னது? இருந்து பாதை சொல்ல வேணும். இருக்கிறது உங்களுக்கு வடிவாத் தெரியுமே.”

உயிர்காப்பு அங்கியின் பட்டி அவர் வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. ஒரு தொண்டரும் கரிகாலனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பூட்டினார்கள். படகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மகாலிங்கத்துக்கு ஒரு உண்மை புரிந்தது. துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். போகும் திசையைப் பார்க்கிறவர் சுக்கான்காரர் ஒருவர்தான். அதாவது அவருக்கு நேர் எதிரே, முழங்காலுக்கு முழங்கால், நாகேஸ்வரியின் முகம். ஓடி ஒளிய நாலு பக்கமும் தண்ணீர்.

“வலியுங்கோ!” என்று யாரோ கரையிலிருந்து கத்தினார்கள். படகு புறப்பட்டது.

“முதலாம் நாள் என்ன சாப்பாடு வந்தது?” என்று கேட்டார் நாகேஸ்வரி, துடுப்பை இழுத்தபடி.

“புட்டு... நாகேஸ், இடக்கைப் பக்கம் ஒரு வீட்டுப் படகு நிக்குது!”

“ஆரின்ரை இடக்கை? உங்கடையோ, எங்கடையோ?” 

“என்ரை இடக்கை! உமக்கு வலக்கை! இல்லை, நில்லும், உம்மடை இடக்கையும் எனக்கு...”

“மொசியே மகாலிங்கம், தீர்மானமா ஒண்ணச் சொல்லுங்க!” என்று பின்னாலிருந்து ஜெனவியேவ் அலறினார்.

“ரெண்டு பேரும் ரெண்டு கையையும் எடுங்கோ!” என்று மகாலிங்கம் கத்திய கத்தலில், பக்கத்துப் படகில் வலித்துக்கொண்டிருந்தவர்களும் கையை எடுத்துவிட்டார்கள். வீட்டுப் படகின் பலகையில் காலை ஆகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், ஒரு கையில் குவாசோன் ரொட்டியோடு, மற்றக் கையால் அவர்களுடைய படகை மெதுவாகத் தள்ளிவிட்டு, “பொன் கூராஜ்” என்று தைரியம் சொன்னார்.

தள்ளிய வேகத்தில் படகு அரை வட்டம் திரும்பி, வந்த வழியே போகத் தொடங்கியது. இது நாகேஸ்வரிக்கும் ஜெனவியேவுக்கும் தெரியாது. அவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள், சுற்றிவரப் பனிப்புகார். முழுப் பலத்தோடு வலித்தார்கள். மகாலிங்கத்துக்குத் தெரிந்தது. சொல்ல நினைத்தார். ஆனால் நாகேஸ்வரி அப்போதுதான் கணவாய்க் கறியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் இன்னொரு கெட்ட செய்தியைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. புறப்பட்ட இடத்திலேயே முட்டி நின்ற பிறகுதான் சொன்னார்.

“நாகேஸ். நாங்கள் திரும்பவும் வெளிக்கிட வேணும்.”

கடைசியாக வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வந்த படகை விட வெகுநேரம் பிந்தி. ஆனாலும் கரையில் நின்ற அத்தனை பேரும் கை தட்டினார்கள். மகாலிங்கத்தின் குரல் நீர்த்தேக்கத்தின் இரண்டு முனைக்கும் கேட்டிருந்தது. அவருடைய தமிழ் யாருக்கும் விளங்காவிட்டாலும், அவருடைய பயம் எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

சூடான சொக்கலாப் பால் கொடுத்தார்கள். ஷிரோமியின் கழுத்தில் ஒரு பதக்கம் தொங்கியது. நாகேஸ்வரியோடு சேர்ந்து அவளும் ஓட்டக் கோட்டைத் தாண்டியதால் யாரோ போட்டுவிட்டார்கள். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அவளுக்குக் கோபம் பாதி போய்விட்டது.

“அண்ணை, ஏன் இப்பிடிப் பொய் சொன்னீங்கள்?” என்று கரிகாலன் மட்டும் உண்மையான துக்கத்தோடு கேட்டான்.

மகாலிங்கம் யோசித்துப் பார்த்தார். வேறு ஒரு காரணமும் அகப்படவில்லை.

“பசி தம்பி” என்றார்.

கரிகாலனுக்கு அது போதுமாக இருந்தது. அவன் உடனே மன்னித்துவிட்டான். ஷிரோமிக்கு வேறு கவலை. முறியாத காலுக்கு நேர்ந்த தேங்காயை அடிக்க வேண்டுமா, வேண்டாமா? அக்கா நடந்தால் என்றுதான் நேர்ந்தது. அக்கா நடக்கிறா, ஓடவும் ஓடுறா. ஆகவே அடிக்கத்தான் வேண்டும் என்றான் கரிகாலன். முன்னமே நடந்த காலுக்குப் பிள்ளையார் என்ன செய்தார் என்று கேட்டாள் ஷிரோமி. “நீங்க நேந்துக்கிட்டதை மொசியே ஒடைக்கட்டும். அவருக்கும் கைக்குப் பயிற்சி” என்றார் ஜெனவியேவ். துடக்குக் கழிந்த அடுத்த வெள்ளிக்கிழமை நூற்றெட்டுத் தேங்காயையும் மகாலிங்கம்தான் உடைத்தார். இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை.

நாகேஸ்வரி ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு பின்னேரம் கழகத்திலிருந்து கிரிகோரி தொலைபேசியில் கூப்பிட்டார். படகுப் பயிற்சிக்கு அவர்தான் பொறுப்பு. அந்த மாதிரிக் குரல் உள்ள சுக்கான்காரரைத் தான் கண்டதே இல்லை என்றும், வலது இடது மட்டும் படிப்பித்தால் போதும் என்றும், மொசியே கட்டாயம் கழகத்தில் சேர வேண்டும் என்றும் சொன்னார். மகாலிங்கத்தை அவர் வாழ்க்கையில் யாரும் எதற்கும் கட்டாயம் வேண்டும் என்று கேட்டதில்லை. அதுவும் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு. உடனே ஓம் என்றார். சுக்கான்காரரும் மற்றவர்களோடு சேர்ந்து நடக்க வேண்டும், ஓட வேண்டும் என்பது கழகத்தின் விதி என்று கிரிகோரி பிறகுதான் சொன்னார்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை செவ்ரான் காட்டுப் பூங்காவில் நாலு பேரும் ஓடினார்கள். ஜெனவியேவ் முன்னால், அடுத்தது நாகேஸ்வரி, பிறகு ஷிரோமி. ஷிரோமிக்கு இப்போது ஓட்டச் சப்பாத்து இருந்தது. வெகு தூரம் பின்னால் மகாலிங்கம். ஆலங்கட்டி மாதிரி ஏதோ பெய்தது. மரங்களுக்குக் கீழே சேற்றில் கால் புதைந்தது. முதல் சுற்று முழுக்க அவர் கண்ணுக்குத் தெரிந்த எல்லாரையும் சபித்தார். இரண்டாவது சுற்றின் நடுவில், எப்படியென்று தெரியவில்லை, உள்ளங்கையும் காதும் சூடாகி, குளிர் தன்னைத் தொடாமல் போவது போல இருந்தது. கோட்டின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வேகமாகவும் ஓடிப் பார்த்தார்.

வளைவில் மற்ற மூவரும் தடுப்புக் கட்டையில் காலைத் தூக்கி வைத்து நரம்பு இழுத்துக்கொண்டிருந்தார்கள். நாகேஸ்வரி தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். “காணுமோ, இன்னும் ஒரு சுத்தோ?”

“பேந்து சொல்லுறன்” என்றார் மகாலிங்கம்.

“மார்ச்சுல ஜூரா மலைக்குப் போலாம்னு இருக்கேன்” என்றார் ஜெனவியேவ். “ஸ்கி தெ ஃபோன். நீளமான பனிச்சறுக்கு. நாள் முழுக்கக் காட்டுக்குள்ளயே போய்க்கிட்டு இருக்கலாம். மொசியே, நீங்களும் வர்றீங்களா?”

மகாலிங்கம் தண்ணீரைக் குடித்து முடித்தார். “அங்கை என்ன சாப்பாடு?”

“ஃபோந்து. சீஸை உருக்கி, ரொட்டியை முக்கிச் சாப்புடறது.”

“லீக்ஸ் போடுவினமோ?”

“ம்ஹூம்.”

அவர் நாகேஸ்வரியைப் பார்த்தார். நாகேஸ்வரி வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“அப்ப இன்னும் ஒரு சுத்து ஓடுவம்” என்றார் மகாலிங்கம்.